கலம் கரையும் விளக்கு: சென்னைத் துறைமுகத்தின் நான்கு லைட் ஹவுஸ்கள்

மெரினாவில் ஒரு ராத்திரி அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அந்த லைட்டு கடலுக்கு டார்ச் அடிக்குதுன்னு சொன்னீங்க. தண்ணி மேல வெளிச்சமே காணோமே?"

அவள் சொன்னது சரி. லைட் ஹவுஸ் அடியில் மணலில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். ஒளிக்கற்றை நம் தலைக்கு மேலே சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றிப் போகும். கீழே அலை கருப்பாகவே கிடக்கும், நம் மேலும் வெளிச்சம் விழாது. கடலுக்கு வெளிச்சம் காட்டுவது அதன் வேலையே இல்லை. "டார்ச்" என்று நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரியான விளக்கம் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கலங்கரை விளக்கம் என்பதில் வரும் 'கரை'யைக் கடற்கரை என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. கரைதல் என்றால் கூப்பிடுதல். கலத்தை, அதாவது கப்பலைக் கூப்பிடும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைப் பற்றி வரும் இடத்தில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது: ஏணி சாத்தி ஏற வேண்டிய உயரமான மாடம், அதன் உச்சியில் ராத்திரி மூட்டிய தீ, அந்தத் தீ கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. "ஓடுகலம் கரையும்" என்பது புலவர் வாக்கு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு அது. அதாவது இன்றைய சென்னை இருக்கும் அதே தொண்டை நாட்டுக் கடற்கரை.

கூப்பிடுகிறது என்றால் என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? தன் பெயரைச் சொல்லி. "நான் சென்னை, இங்கே இருக்கிறேன்." அவ்வளவுதான் செய்தி. அதை எப்படித் தூரத்துக்கும் தெளிவாகவும் சொல்வது என்பதுதான் லைட் ஹவுஸ் தொழில்நுட்பத்தின் கதை. சென்னை இந்தக் கதையைப் படிக்க வசதியான ஊர். 1796 முதல் இன்றுவரை நான்கு இடங்களில் விளக்கு மாறியிருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

துறைமுகம் இல்லாத ஊருக்கு விளக்கு

முதலில் ஒரு விசித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னாலேயே விளக்கு வந்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் வந்து இறங்கியபோது இங்கே குடாவும் இல்லை, பெரிய ஆற்று முகமும் இல்லை. நேர்கோடாகக் கிழித்த மாதிரி ஒரு மணல்கரை, அதன்மேல் ஓயாமல் வந்து உடையும் அலை. கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். மசூலாப் படகில் ஆணி கிடையாது, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வந்தவர்களை அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம்தான் கதிகலங்க வைத்தது.

கப்பல் தலைவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கரை தட்டையாக இருக்கிறது. பரங்கிமலையை விட்டால் அடையாளம் சொல்ல ஒரு மேடு இல்லை. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்கடியில் மணல்திட்டுகள். ராத்திரியில் வந்தால் கோட்டை எங்கே, திட்டு எங்கே? அவனுக்கு ஊர் தெரிய வேண்டும், ஆனால் கரையை நெருங்கிவிடவும் கூடாது. ஆக சென்னையின் முதல் விளக்கு "வா" என்று மட்டும் சொல்லவில்லை, "அங்கேயே நில்" என்றும் சேர்த்துத்தான் சொன்னது.

1796: மொட்டைமாடியில் தேங்காயெண்ணெய்

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகம் இருக்கிறதே, அந்தக் கட்டடம்தான் முதல் லைட் ஹவுஸ். வியாபாரிகளும் கப்பல்காரர்களும் கூடிப் பேரம் பேசும் இடமாக 1790களில் எழுந்தது அது. அதன் மொட்டைமாடியில் ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டு வைத்து, உள்ளே தேங்காயெண்ணெயில் திரி போட்டு எரித்தார்கள். கோயில் விளக்குக்கும் இதற்கும் எரிபொருளில் வித்தியாசமே இல்லை. இப்போது அருங்காட்சியகத்தில் பழைய நாணயம் பார்க்கப் போகிறவர்கள் யாரும் மேலே அப்படி ஒன்று எரிந்தது என்று நினைப்பதில்லை, அங்கே நினைக்க வைக்கும்படி பெரிதாக ஒன்றும் மிச்சமும் இல்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 அடி உயரம், 25 மைல் தொலைவுக்குத் தெரிந்தது என்கிறார்கள். எண்ணெய்த் திரிக்கு 25 மைலா என்று எனக்கும் முதலில் சந்தேகம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், உயரத்தைப் பொறுத்தவரை பொருந்தி வருகிறது.

இங்கேதான் முதல் பாடம். பூமி உருண்டை என்பதால் கடல் நமக்கு எதிரே மெல்ல வளைந்து கீழே இறங்குகிறது. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அந்த வளைவுக்குப் பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. உயரம்தான் கைகொடுக்கும். எத்தனை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.86-ஆல் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டரில் தொடுவானம். மெரினா மணலில் நிற்கும் ஆளின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் என்றால், அவர் பார்க்கும் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. நாமெல்லாம் கடலின் எல்லை என்று கவிதை எழுதும் கோடு, கலங்கரை விளக்கத்திலிருந்து கோட்டைக்குப் போகும் தூரம் அளவுதான்.

கோட்டை விளக்கு 30 மீட்டர் உயரம். அதற்குத் தொடுவானம் சுமார் 21 கிலோமீட்டர். எதிரே கப்பலின் பாய்மரத்தில் 25 மீட்டர் உயரத்தில் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தால் அவனுக்கு 19 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டுங்கள், 40 கிலோமீட்டர். அதுதான் 25 மைல். அதாவது அந்தத் தூரம் விளக்கு ஒன்றின் பெருமை மட்டும் அல்ல, மரத்தின் உச்சியில் காற்றில் ஆடிக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்த்தவனுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

வர்க்கமூலம் என்பதால் இதில் ஒரு சிக்கல். தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. வேறு வழி பார்த்தாக வேண்டும்.

1844: கல்தூணும் சிம்னியும்

பாரிமுனைப் பக்கம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் ஒரு தனிக் கல்தூண் நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை வரிவரியாகச் செதுக்கிய, கிரேக்கக் கோயில் தூணை ஒன்று மட்டும் பிடுங்கி நட்ட மாதிரியான வடிவம். வழக்குக்கு வருகிறவர்கள் அதன் நிழலில் நிற்பார்கள், என்னவென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அதுதான் இரண்டாவது லைட் ஹவுஸ். மதராஸ் இன்ஜினீயர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித் வடிவமைத்தது. 1838-இல் வேலை தொடங்கி, 1844 ஜனவரி 1 அன்று விளக்கு எரிந்தது. இந்த ஸ்மித் பின்னாளில் நாணயம் அடிக்கும் மின்ட்டுக்கும் தலைவராக இருந்தவர்.

தூணின் உயரம் 125 அடி, சுமார் 38 மீட்டர். முன்பு இருந்ததைவிட 8 மீட்டர் கூடுதல். நம் கணக்கில் போட்டால் இதனால் கிடைத்த தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்காகவா இத்தனை கல்லைச் சுமந்தார்கள்? உண்மையான முன்னேற்றம் தூணில் இல்லை, உள்ளே எரிந்த விளக்கில் இருந்தது.

வீட்டில் சிம்னி விளக்கு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் சுடர் சிவந்து, ஆடி, கரி கக்கும். கண்ணாடியை மாட்டினால் அதே திரி, அதே எண்ணெய், சுடர் நிமிர்ந்து வெள்ளையாக எரியும். காரணம் காற்று. கண்ணாடிக் குழாய் அடியிலிருந்து காற்றை மேலே இழுத்துச் சுடருக்கு ஊட்டுகிறது. 1780-இல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆர்கண்ட் செய்தது இதைத்தான், கூடவே இன்னொரு காரியமும். திரியை உருளையாக, நடுவில் வெற்றிடம் விட்டுச் செய்தார். சுடருக்கு வெளியிலிருந்தும் காற்று, உள்ளிருந்தும் காற்று. பல திரிகளின் வெளிச்சத்தை ஒற்றை விளக்கு தந்தது.

இப்படிப்பட்ட ஆர்கண்ட் விளக்குகளை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பளபளக்கும் குழிக் கிண்ணத்தை வைத்து ஸ்மித்தின் தூணில் ஏற்றினார்கள். கிண்ணம் எதற்கு? சும்மா எரியும் விளக்கு எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைக்கிறது. வானத்துக்கும் தரைக்கும் பின்னால் இருக்கும் ஊருக்கும் போகும் வெளிச்சத்தால் கப்பலுக்கு ஒரு பயனும் இல்லை. பின்னால் போவதைத் திருப்பி முன்னால் அனுப்புவதுதான் கிண்ணத்தின் வேலை. பைக்கின் ஹெட்லைட்டைக் குனிந்து பார்த்தால் பல்புக்குப் பின்னால் அதே கிண்ணம் இருக்கும்.

1894: நீதிமன்றத்தின் தலையில் லென்ஸ்

உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய கோபுரம் 175 அடி. பக்கத்திலேயே தன்னைவிட 50 அடி உயரமான கோபுரம் வந்து நின்றபின் கல்தூணுக்கு என்ன வேலை? 1894-இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்குக் குடிபோனது. கீழே வழக்கு, மேலே விளக்கு. பகலில் நீதிபதிகள் ஏறும் கட்டடத்தில் சாயங்காலம் விளக்குக்காரர் ஏறினார். இந்தோ-சாரசனிக் குவிமாடத்தை அழகுக்கு வைத்தது என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறவர்களிடம் அது 83 வருஷம் வேலை பார்த்த குவிமாடம் என்று சொல்லலாம்.

பர்மிங்காமில் இருந்த சான்ஸ் பிரதர்ஸ் கம்பெனியின் கருவி இங்கே வந்தது. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க லைட் ஹவுஸ்களுக்கு லென்ஸ் செய்து அனுப்பியவர்கள் அவர்கள். கிண்ணத்திலிருந்து லென்ஸுக்கு மாறியதுதான் இந்தக் கதையிலேயே பெரிய தாவல் என்பேன்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதம் எரித்திருப்போம். தூரத்திலிருந்து இணையாக வரும் கதிரை லென்ஸ் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. இதைத் திருப்பிப் போடுங்கள்: அந்தப் புள்ளியில் விளக்கை வைத்தால், சிதறிப் போகும் வெளிச்சம் லென்ஸைத் தாண்டியதும் இணையான கற்றையாகக் கிளம்பும். ஆனால் ஆள் உயரத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி செய்தால் நடுவில் கண்ணாடி அத்தனை தடிமனாகிவிடும், பாரமும் தாங்காது, வெளிச்சத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

பிரான்சின் இயற்பியலாளர் ஃபிரெனெல் யோசித்தது எளிமையானது. வெளிச்சத்தை வளைப்பது கண்ணாடியின் வளைந்த மேற்பரப்புதான், நடுவில் இருக்கும் சதை இல்லை. அப்படியானால் சதையைச் சீவி எறி, வளைவை மட்டும் வளையம் வளையமாக வைத்துக்கொள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரியும் வளையங்கள் மாதிரி, நடுவில் ஒரு சின்ன லென்ஸ், சுற்றி வட்ட வட்டமாகக் கண்ணாடிப் பட்டகங்கள். 1823-இல் பிரான்சில் கோர்துவான் லைட் ஹவுஸில் முதலில் ஏற்றினார்கள். மேலே கீழே வீணாகப் போகும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைப் பிடித்துத் தொடுவானத்துக்கு அனுப்பிவிடும். மெரினாவில் நம் மேல் வெளிச்சம் விழாததற்குக் காரணமும் இதேதான். அக்கா மகளுக்குப் போகவேண்டிய பங்கைக் கப்பலுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

விளக்கு அணைவதே இல்லை

தூரத்துக்குக் கேட்கும்படி கூப்பிட்டாயிற்று. பெயர் எப்படிச் சொல்வது?

கடற்கரையில் பல விளக்குகள் எரியும். எல்லாம் ஒரே மாதிரி எரிந்தால் எது சென்னை, எது வேறு ஊர்? அதனால் ஒவ்வொரு லைட் ஹவுஸுக்கும் ஒரு மின்னும் கணக்கு உண்டு. இன்றைய சென்னை விளக்குக்கு 10 நொடிக்குள் இரண்டு மின்னல். மின்னல், மின்னல், இருட்டு. மறுபடி மின்னல், மின்னல், இருட்டு. மாலுமியிடம் இருக்கும் பட்டியலில் ஒவ்வொரு விளக்குக்கும் இந்தக் கணக்கு அச்சிட்டிருக்கும். கடிகாரத்தைப் பிடித்து எண்ணினால் ஊர் பெயர் தெரிந்துவிடும்.

இதைப் பார்த்து யாரோ உள்ளே ஸ்விட்ச் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள் என்று நினைப்போம். விளக்கு அணைவதே இல்லை. அதைச் சுற்றி நிற்கும் லென்ஸ்தான் சுழல்கிறது. லென்ஸில் இரண்டு பலகைகளை அடுத்தடுத்து வைத்திருந்தால் இரண்டு கற்றைகள் கிளம்பும். கற்றை நம் கண்ணைத் தாண்டும் கணம்தான் நமக்கு மின்னல், மற்ற நேரம் அது வேறு யாருக்கோ மின்னிக்கொண்டிருக்கும். மோட்டார் வருவதற்கு முன் இந்தச் சுழற்சிக்குப் பழைய கடிகார முறைதான்: ஒரு எடைக்குண்டைச் சங்கிலியில் மேலே ஏற்றிவிட்டால் அது மெல்ல இறங்கும் விசையில் பற்சக்கரம் ஓடும். குண்டு கீழே வந்துவிட்டால் விளக்குக்காரர் எழுந்து மறுபடி ஏற்ற வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள பெரிய லென்ஸ்களைப் பல நாடுகளில் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டார்கள், ஒற்றை விரலால் தள்ளினால் சுற்றும்.

பகலில் என்ன செய்வது? அதற்குத்தான் பெயிண்ட். மெரினா கோபுரத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அலங்காரம் இல்லை, பகல் நேரப் பெயர்ப்பலகை.

ஊர் தெரிந்தால் போதுமா, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். திசைகாட்டியால் விளக்கின் திசையை அளந்து வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். இன்னொரு அடையாளத்தைப் பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கப்பல். தென்கரை மீனவர்கள் கோயில் கோபுரத்தையும் மலை முகட்டையும் பனைமரத்தையும் நேர்ப்படுத்திக் கடலில் மீன்பாறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணியம் என்ற முறையும் இதே தத்துவம்தான், காகிதம் இல்லாமல்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடும் விளக்குக்கு நண்பன், எதிரி தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னையைக் குண்டு போட்டபோது, நீதிமன்றத்தின் தலையில் விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நீதிமன்ற வளாகச் சுவரிலும் குண்டு பட்டது, அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஊரே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கப்பல் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல்.

கடல் தள்ளிப்போன கதை

இதற்கிடையில் துறைமுகமும் வந்துவிட்டது, சுலபமாக இல்லை. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். 1870களில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள், 1881 புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். பிறகு வாசலில் மணல் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலையே வடகிழக்குப் பக்கம் மாற்றினார்.

அந்த மணல்தான் முக்கியம். இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி நாளும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே துறைமுகச் சுவர் வந்ததும் மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவர்வரை வந்த கடல் இன்று எங்கோ இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் இறங்கி பீச் எங்கே என்று தேடாத வெளியூர்க்காரர் உண்டா? அங்கே பீச் இருந்தது, அதன்மேல்தான் துறைமுகம் உட்கார்ந்திருக்கிறது. கோட்டை மாடியும் கல்தூணும் நீதிமன்றக் கோபுரமும் இன்று ஊருக்குள் இருக்கிற மாதிரி தெரிவதற்கு இதுவே காரணம். அவை கட்டியபோது கடலுக்கு முன்வரிசையில் நின்றவை.

1977 ஜனவரியில் நான்காவது விளக்கு மெரினாவின் தென்கோடியில், போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே எரிந்தது. வட்டமாக இல்லாமல் முக்கோணமாக ஒரு கான்கிரீட் கோபுரம், உள்ளே லிஃப்ட். கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே பெரும்பாலும் மணல்தான். 1990களில் பாதுகாப்பு காரணமாகப் பொதுமக்களை விடுவதை நிறுத்தியவர்கள், இருபது வருஷம்போலக் கழித்து 2013 நவம்பர் 14 அன்று மறுபடி திறந்தார்கள். ஒன்பதாவது மாடியில் காற்று காதை அறைகிறது. வடக்கே பார்த்தால் துறைமுகத்தின் கிரேன்கள், கீழே நொச்சிக்குப்பத்துப் படகுகள் மணலில் வரிசையாக, தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் கூர்முனை. பழைய விளக்குகள் மூன்றும் நின்ற இடத்தைக் கட்டடங்களுக்கு நடுவே தேடிக் கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு. நீதிமன்றக் குவிமாடம் மட்டும்தான் எனக்கு அகப்பட்டது.

காசு யார் கொடுப்பது

நடுக்கடலில் போகிற கப்பல் இந்த விளக்கைப் பார்த்துத் திசை திருத்திக்கொண்டு நிற்காமல் போய்விட்டால், அதனிடம் எப்படிக் காசு வாங்குவது? பார்க்காதே என்று தடுக்கவும் முடியாது. அதனால் துறைமுகத்துக்கு வந்து சேரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் என்று வசூலிக்கிறார்கள், அதில்தான் கரை முழுக்க இருக்கும் விளக்குகள் எரிகின்றன. 1927-இல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது, 2021-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நாட்டின் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் இயக்குநரகத்தின் தலைமை அலுவலகம் நொய்டாவில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தெரியாது.

ஜிபிஎஸ் வந்தபிறகும் இது எதற்கு என்று கேட்பார்கள். திரையில் தெரிவது கருவி சொல்லும் கணக்கு. பேட்டரி தீரலாம், சிக்னலில் கோளாறு வரலாம், திரையைப் பார்ப்பவனே எண்ணைத் தப்பாக அடித்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே இரண்டு மின்னலும் ஓர் இருட்டும் தெரிந்தால், கருவி சொன்னதைக் கண்ணும் ஒப்புக்கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வேகத்தைக் குறைப்பார்கள்.

அடுத்த தடவை மெரினா போனால், கோபுரத்தின் அடியில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உழைப்பாளர் சிலைப் பக்கம் போய் நின்று பாருங்கள். போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுவிட்டு, முதல் மின்னலிலிருந்து எண்ணுங்கள். அக்கா மகள் எண்ணியபோது முதல் தடவை எட்டு வந்தது, இரண்டாவது தடவை பதினொன்று. மூன்றாவது தடவை ஐஸ்கிரீம் வண்டி வந்துவிட்டது.